அடிகனம் பார்த்து வாங்குங்கள்: சமையல் பாத்திரக் கேள்வி-பதில்

கேள்வி: கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. அடுத்த மாதம் தனிக்குடித்தனம் போகிறோம். இரண்டே பேர், கேஸ் அடுப்பு. பாத்திரத்துக்கு 8,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். கடையில் 5,500 ரூபாய்க்கு ஒரு நான்ஸ்டிக் செட் காட்டினார்கள். தோசைக்கல், வாணலி, பணியாரக்கல், மூடிபோட்ட சட்டி, கரண்டி எல்லாம் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: வேண்டாம்மா. செட்டில் வருவதில் பாதியை நீங்கள் மாதத்துக்கு ஒருமுறைகூட எடுக்க மாட்டீர்கள். மீதிப் பாதி நம் சமையலுக்குத் தாங்காது. தாளிக்க எண்ணெய் நன்றாகக் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும். நான்ஸ்டிக் பூச்சோ மிதமான தீக்கு உரியது. வெறும் வாணலியை முழுத் தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால் சில நிமிடத்தில் 260 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும். எவர்சில்வர் கரண்டி பட்டாலும் கீறல்தான். முட்டைக்கென்று சின்னதாக ஒரு நான்ஸ்டிக் வைத்துக்கொள்வதில் தவறில்லை. சமையலறை முழுவதையும் அதை நம்பி ஒப்படைக்காதீர்கள்.

முதல் செலவு குக்கருக்கு. இரண்டு பேருக்கு 3 லிட்டர் போதும். சாதமும் பருப்பும் அடுக்கில் சேர்த்து வைக்கிற பழக்கம் என்றால் 5 லிட்டர் வாங்குங்கள். அடுத்தது கூட்டு, பொரியல், குழம்பு எல்லாவற்றுக்கும் உழைக்கிற ஒரு வாணலி. இதில்தான் கஞ்சத்தனம் கூடாது.

'அடிகனமான பாத்திரத்தில்' என்று சமையல் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. எவர்சில்வர் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் வாணலியில் தீ படும் வட்டம் மட்டும் கொதித்து அங்கே வெங்காயம் கருகும், ஓரத்தில் பச்சையாகவே கிடக்கும். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். ஆனால் புளியும் தக்காளியும் வெறும் அலுமினியத்தை அரிக்கும். அதனால்தான் இரண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவில் அலுமினியத்தை வைத்து ட்ரைப்ளை என்று செய்கிறார்கள். 24 சென்டிமீட்டர் அளவில் அப்படி ஒன்று வாங்குங்கள். நடுத் தகடு விளிம்புவரை ஏறியிருக்கிறதா, அடியில் மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். பொரியலுக்கு விளிம்புவரை இருப்பதே நல்லது.

'எவர்சில்வரில் ஒட்டிக்கொள்கிறதே' என்பார்கள். முதலில் வாணலி காயட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் இன்னும் சூடு போதாது. முத்துபோல உருண்டு ஓடினால் தீயைக் குறைத்து எண்ணெய் ஊற்றுங்கள். இது கைவந்துவிட்டால் நான்ஸ்டிக் ஞாபகமே வராது.

மூன்றாவது தோசைக்கல். வார்ப்பிரும்பிலேயே வாங்குங்கள். விலையும் குறைவு, உங்கள் பேத்தி காலம்வரை வரும். பழக்குவதற்கு மட்டும் பொறுமை வேண்டும். கழுவி, வடிகஞ்சியில் மூன்று நாள் ஊறவையுங்கள், கஞ்சியைத் தினமும் மாற்றுங்கள். அப்புறம் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, இளந்தீயில் காயவைத்து ஆறவிடுங்கள். இப்படி நாலைந்து தடவை. பிறகு பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தோய்த்துக் கல் முழுக்கத் தேயுங்கள். கறுப்பாக வரும், பயப்பட வேண்டாம். என்னுடைய கல்லில் முதல் நான்கு தோசை பிய்ந்தே வந்தது. ஐந்தாவது ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டு எழுந்தது. பதினெட்டு வருடமாக அதே கல்தான். வேலை முடிந்ததும் ஈரத்தோடு மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இவை போகப் பால் காய்ச்ச ஒரு பாத்திரம், ரசத்துக்கு ஒன்று, தாளிப்புக் கரண்டி. அவ்வளவுதான். மிச்சப் பணம் கையில் இருக்கட்டும். ஆறு மாதம் சமைத்த பிறகு எது தேவை என்று உங்கள் அடுப்பே சொல்லும்.

கடையில் ஒரு காரியம் செய்யுங்கள். வாணலியைக் கண்ணாடி மேசைமேல் வைத்துத் தட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குங்கள். காலியாக இருக்கும்போதே மணிக்கட்டு வலித்தால் குழம்போடு இறக்க முடியாது. எல்லாம் பார்த்து முடித்த பிறகு பெயர் வெட்டச் சொல்லுங்கள். பெயர் வெட்டிய பாத்திரத்தைத் திரும்ப எடுக்கிற கடையை நான் பார்த்ததில்லை.

கேள்வி: 304 தர எவர்சில்வர் என்று சொல்லிக் கொடுத்த சட்டியின் அடியில் காந்தம் ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அடியில் மட்டும் ஒட்டுகிறதா, உள்பக்கமும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இன்டக்‌ஷன் அடுப்பில் சூடாக வேண்டும் என்றால் வெளித் தகடு காந்தம் ஒட்டுகிற ரகமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 430 போடுவார்கள். உணவு படும் உள் தகடு 304 ஆக இருந்தால் கவலை இல்லை. 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்டது.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அது 304 ஆகிவிடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அது உப்புக்கும் புளிக்கும் 304 அளவுக்குத் தாங்காது. கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டுவதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ரகம் எதுவோ அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். 'எஸ்.எஸ். பாத்திரம்' என்று மொட்டையாகப் போட்ட பில்லை வைத்துப் பின்னால் வாதாட முடியாது.

கேள்வி: ஈயச்சொம்பில் ரசம் வைக்க ஆசை. ஈயம் விஷம் என்கிறார்களே? (வாசகி, மதுரை)

பதில்: விஷம் என்பது காரீயம். ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்வதால்தான் குழப்பம், அந்தக் குழப்பத்தில் கலப்படமும் நடக்கிறது. வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் சாம்பல் நிறக் கோடு போடும். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. உலோகத்தைப் பரிசோதித்த சான்று கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால், குறிப்பாகச் சின்னக் குழந்தை உள்ள வீட்டில், வேண்டவே வேண்டாம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும், தாளிப்பு தனிக் கரண்டியில்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையே இல்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், வேலூர்)

பதில்: வீட்டுக் குக்கருக்கு அந்த முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். ஐ.எஸ். 2347 என்ற எண்ணும், உரிம எண்ணும் பொறித்திருக்க வேண்டும். உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்த இணையதளங்களுக்கு 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. ஆகவே உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. பில், குக்கரின் அடிப்பக்கப் படம், மறுத்து வந்த பதில் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. பணம் வருகிறதோ இல்லையோ, அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள்.