லெட் செப்லின் குழுவின் கடைசி இரண்டு ஆல்பங்கள் கேட்கத் தகுந்தவையா?

பிரிட்டிஷ் ராக் இசைக் குழுவான லெட் செப்லினின் நான்காவது ஆல்பத்தையும் 'பிசிக்கல் கிராஃபிட்டி'யையும் விரும்பிக் கேட்ட ஒருவர், அவற்றுக்குப் பின்னால் வந்த 'பிரசென்ஸ்' (1976), 'இன் த்ரூ தி அவுட் டோர்' (1979) ஆகிய இரண்டையும் எல்லோரும் சரிவுக் காலத்தின் படைப்புகள் என்றே ஒதுக்குகிறார்களே, அவற்றுக்கு நேரம் செலவிடலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகச் செலவிடலாம். முதலாவதை முழுமையாகவே கேளுங்கள். இரண்டாவதில் ஓரிரு பாடல்களைத் தாண்டிச் சென்றாலும் நட்டமில்லை.

இரண்டுமே வெளிவந்த காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தவை. எனவே இவை தோல்வியடைந்த ஆல்பங்கள் அல்ல. நாளடைவில் ரசிகர்களின் பேச்சிலிருந்து நழுவிப்போனவை. அதற்கான காரணம் இவற்றின் தரத்தைவிட இவற்றை நாம் எதிர்கொள்ளும் விதத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. 1975 வரையிலான செப்லின் ஆல்பங்களில் நான்கு பேரின் கைகளும் ஏறத்தாழச் சம அளவில் பதிந்திருக்கும். கடைசி இரண்டில் அந்தச் சமநிலை கிடையாது. 'பிரசென்ஸ்' கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் ஆல்பம். 'இன் த்ரூ தி அவுட் டோர்' பாஸும் கீபோர்டும் வாசித்த ஜான் பால் ஜோன்ஸின் ஆல்பம். பாடலாசிரியர் பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கும்: முன்னதில் உள்ள ஏழு பாடல்களில் ஆறு, பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்டும் மட்டுமே எழுதியவை, பின்னதில் உள்ள ஏழில் ஆறு பாடல்களில் ஜோன்ஸின் பெயர் இருக்கிறது.

1975 ஆகஸ்டில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் நடந்த கார் விபத்தில் பிளான்டின் கணுக்காலும் முழங்கையும் முறிந்தன. திட்டமிட்டிருந்த பயணக் கச்சேரிகள் ரத்தாயின. அந்த இடைவெளியில் எழுதிய பாடல்களை, நவம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்த மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில், மூன்று வாரங்களுக்கும் குறைவான காலத்தில் அவர்கள் பதிவுசெய்து முடித்தார்கள். பிளான்ட் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பாடினார். அவர்களுக்கு அடுத்து அதே ஸ்டூடியோவை ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் முன்பதிவு செய்து வைத்திருந்ததால், பேஜ் அவர்களிடம் ஓரிரு நாள்களைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்த அவசரமும் இறுக்கமும் ஒலியிலேயே தெரிகின்றன. கீபோர்டு அறவே இல்லை. அகூஸ்டிக் கிட்டாரும் ஏறத்தாழ இல்லை. முந்தைய ஆல்பங்களில் கனத்த பாடல் ஒன்று முடிந்ததும் நாட்டுப்புறச் சாயலில் மென்மையான பாடல் ஒன்று வந்து காதுக்கு ஓய்வு தரும். இங்கே அந்த ஓய்வு கிடைப்பதில்லை. இந்த ஆல்பம் வறண்டது என்று சொல்பவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். எனக்கோ இதுவே இதன் பலமாகப் படுகிறது.

பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடும் முதல் பாடலான 'அகிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்' மட்டுமே இருந்திருந்தாலும் இந்த ஆல்பத்தை நான் பரிந்துரைப்பேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னப்பட்ட கிட்டார் அடுக்குகளைப் பேஜ் ஒரே இரவில் சேர்த்திருக்கிறார். ஜோன்ஸ் எட்டுத் தந்தி பாஸில் குதிரைப் பாய்ச்சலாக ஓட, ஜான் பான்ஹமின் டிரம்ஸ் அந்த ஓட்டத்தைக் கலைத்தும் மீண்டும் கோத்தும் விளையாடுகிறது. பிளான்டின் குரல் கலவையில் சற்று உள்ளடங்கிப் போயிருப்பது உண்மைதான், ஆனால் இந்தப் பாடலில் அது குறையாகத் தோன்றவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகையான புளூஸில் பழைய கலைஞரான பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிவுசெய்த பக்திப் பாடலிலிருந்து பிறந்த 'நோபடீஸ் ஃபால்ட் பட் மைன்', அதில் வரும் திடீர் நிறுத்தங்களுக்காகவே பலமுறை கேட்கத் தகுந்தது. கடைசியில் வரும் 'டீ ஃபார் ஒன்' என்ற நீண்ட புளூஸ், மூன்றாவது ஆல்பத்தில் இருந்த 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ'வின் நிழலிலேயே நிற்கிறது என்ற விமர்சனத்தை மறுக்க இயலாது. 'ராயல் ஆர்லியன்ஸ்' சுமார்தான்.

அடுத்த ஆல்பத்துக்கு மூன்றாண்டுகளுக்கும் மேல் பிடித்தது. 1977 ஜூலையில், அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தின் நடுவே, பிளான்டின் ஐந்து வயது மகன் நோயால் இறந்துபோனான். பயணம் அத்துடன் நின்றது. 1978இன் இறுதியில் ஸ்டாக்ஹோமில் ஆபா குழுவினரின் போலார் ஸ்டூடியோவில் அவர்கள் மீண்டும் கூடியபோது, ஜோன்ஸும் பிளான்டும் பகலிலேயே வந்து வேலையைத் தொடங்கிவிட, பேஜும் பான்ஹமும் இரவில் வந்து சேர்ந்துகொள்வது வழக்கமாக இருந்தது. ஜோன்ஸிடம் அப்போது யமஹா ஜிஎக்ஸ்-1 என்ற பிரம்மாண்டமான சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியெழுப்பும் கீபோர்டு) புதிதாக வந்திருந்தது. விளைவு, கிட்டார் பின்னுக்குப் போன ஒரு செப்லின் ஆல்பம்.

மகனை நினைத்துப் பிளான்ட் எழுதிய 'ஆல் மை லவ்' பாடலில் பேஜின் பெயரே இல்லை. அது மிகவும் மென்மையாகிவிட்டது என்ற மனக்குறை பேஜுக்கு இருந்தது. எனக்கோ, ஜோன்ஸின் சிந்தசைசர் இடையிசையும் அலங்காரமே இல்லாத அந்தக் குரலும்தான் இந்த ஆல்பத்தின் நியாயமாகத் தெரிகின்றன. 'ஃபூல் இன் த ரெய்ன்' பாடலில் பான்ஹமின் ஷஃபிள் எனப்படும் துள்ளல் தாளம் நடுவில் பிரேசிலின் சாம்பா தாளமாக மாறி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பழைய நடைக்குத் திரும்புவதை டிரம்ஸ் பயில்பவர்கள் இன்றும் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். 'ஹாட் டாக்' என்ற நாட்டுப்புற வேடிக்கையை நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். 'கரூசலாம்ப்ரா'வின் பத்து நிமிடங்களும் எல்லோருக்கும் ஒத்துவரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். 1980 செப்டம்பரில் பான்ஹம் இறந்து, குழுவும் கலைந்துவிட்டதால், இந்தப் புதிய திசை எங்கே கொண்டுபோயிருக்கும் என்பது தெரியாமலே போயிற்று.

குழுவினரே இவற்றை எப்படி மதித்தார்கள் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2007 டிசம்பரில் லண்டனில் நடந்த மறுசந்திப்புக் கச்சேரியில், அதுவரை மேடையில் முழுமையாக வாசித்தேயிராத 'ஃபார் யுவர் லைஃப்' என்ற பாடலை 'பிரசென்ஸ்' ஆல்பத்திலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். 'இன் த்ரூ தி அவுட் டோர்' ஆல்பத்திலிருந்து ஒன்றைக்கூட வாசிக்கவில்லை.

கேட்கத் தொடங்கும்போது 2015இல் வந்த மறுவெளியீடுகளைத் தேடிப் பிடியுங்கள். 'பிரசென்ஸ்' மறுவெளியீட்டின் இரண்டாவது தட்டில், அதே மியூனிக் நாள்களில் பதிவாகி ஆல்பத்தில் இடம்பெறாமல் போன, பியானோவை மையமாகக் கொண்ட அமைதியான வாத்திய இசை ஒன்று இருக்கிறது. ஜோன்ஸின் அந்த இசை உள்ளே வந்திருந்தால் 'பிரசென்ஸ்' இன்னும் எளிதாகக் கேட்கக்கூடிய ஆல்பமாக இருந்திருக்கும். அதை வெளியே விட்டது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.