மீட்டர் ரீடிங்குக்கும் பில்லுக்கும் 40 மடங்கு வித்தியாசம்: பதில்

மீட்டர் ரீடிங்கை வைத்து எக்செலில் போட்ட யூனிட் கணக்கு ஏன் பில்லோடு ஒத்துவரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முந்தைய ரீடிங்குக்கும் இப்போதைய ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை 40 ஆல் பெருக்குங்கள், ஒத்துவரும். நகராட்சி அலுவலக மீட்டரில் 92 யூனிட், பில்லில் 3,680 யூனிட் என்று எழுதியிருந்தீர்கள். வகுத்தால் சரியாக 40 வருகிறது.

பெரும்பாலும் அது சி.டி. மீட்டராக இருக்கும். சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) என்பது மின்னோட்டத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் குறைத்து மீட்டருக்கு அனுப்பும் கருவி. லோடு அதிகமான கட்டடங்களில் முழு மின்னோட்டமும் மீட்டருக்குள் போகாது. 200/5 சி.டி. என்றால் 200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்து அனுப்பும். மீட்டர் பார்ப்பது 40-இல் ஒரு பங்கைத்தான்.

பழைய பில்கள் மூன்றை எடுத்து இதேபோல் வகுத்துப் பாருங்கள். மூன்றிலும் 40 வந்தால் சந்தேகமே வேண்டாம். சி.டி.யின் விகிதத்தைப் பார்க்க சீல் வைத்த பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், மின்வாரிய ஊழியரிடம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சில மீட்டர்களில் இந்த விகிதத்தை உள்ளேயே பதிந்திருப்பார்கள். அவை உண்மையான யூனிட்டையே காட்டும், மறுபடி பெருக்கினால் கணக்கு கெட்டுவிடும். அப்புறம், சி.டி.யை மாற்றினால் எண்ணும் மாறலாம். அதனால் 40-ஐ ஃபார்முலாவுக்குள் புதைக்காமல், ஒவ்வொரு ரீடிங்குக்கும் பக்கத்தில் தனி நெடுவரிசையில் (column) எழுதுங்கள். நூலகம் போன்ற சின்னக் கட்டடங்களில் சி.டி. இல்லாத நேரடி மீட்டர் இருந்தால் அங்கே 1 போட்டால் போதும்.