அம்மாவோட கைமாத்து, சீட்டு எல்லாத்தையும் நிறுத்திட்டு எஸ்ஐபி போடலாமா?

கேள்வி: சார், நான் ஃபுட் டெலிவரி, மாசம் 20,000 வரும். அம்மா வீட்டு வேலை, 9,000. 2017-ல கூவம் கரையில இருந்து எங்கள பெரும்பாக்கத்துக்கு மாத்துனாங்க. அம்மா மாசம் 2,000 சீட்டு கட்டுது, 20 பேர், பக்கத்து பிளாக் அக்கா ஒருத்தங்க நடத்துறாங்க. அது போக மொய், கைமாத்துன்னு ஒரு 1,500 போய்டுது. போன வருஷம் எனக்கு பைக் ஆக்ஸிடென்ட் ஆனப்போ அம்மா ராத்திரியோட ராத்திரியா 14,000 பொரட்டிச்சு. திரும்ப அப்படி அல்லாடக் கூடாது, அதான் இந்த 3,500-ஐயும் எஸ்ஐபில, அதாவது மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போட்டுடலாம்னு பாக்குறேன், சரிதானே?

பதில்: தம்பி, அந்த 14,000 எங்க இருந்து வந்துச்சுன்னு அம்மாவ கேட்டீங்களா? நீங்க போய்டுதுன்னு சொல்ற அந்த 1,500-ஆலதான் வந்திருக்கும். கைமாத்து குடுத்து வாங்குறவங்களுக்குத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு கதவு திறக்கும்.

அது இல்லன்னா தண்டல்தான். 10,000-க்கு 1,500 புடிச்சிட்டு 8,500 கையில குடுத்து தினம் 100 ரூபான்னு 100 நாள் வசூல் பண்ணுவான்னா, உங்களுக்கு 14,000 கையில வர 16,500 எழுதியிருக்கணும், கால்ல கட்டோட படுத்துக்கிட்டு தினம் 165 ரூபா எண்ணி வச்சிருக்கணும். எஸ்ஐபி இருந்திருந்தாலும் அன்னிக்கு ராத்திரி உதவியிருக்காது, வித்தா பணம் அக்கவுண்டுக்கு வர ரெண்டு மூணு வேலை நாள் ஆகும்.

நானும் லைன் வீட்டுல வளந்தவன்தான். எங்க அம்மா ஒரு பழைய ஸ்கூல் நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க, "மாடி வீடு 50, மாவு 2 டம்ளர், கேஸுக்கு 200"ன்னு, குடுத்தது ஒரு பக்கம் வாங்குனது ஒரு பக்கம். அப்பா படுத்த படுக்கையான மூணு மாசம் வீட்டுல அடுப்பு எரிஞ்சதுக்கு அந்த நோட்டுதான் காரணம். நான் இப்ப பத்து பேருக்கு போர்ட்ஃபோலியோ போட்டுத் தரேன், அவ்ளோ சுத்தமா கணக்கு எவனும் வைக்கல.

உங்க அம்மா கூவத்துல வருஷக்கணக்கா சேத்து வச்சிருந்த பழக்கம் இருபது கிலோமீட்டர் தள்ளி வந்தப்போ பாதி அறுந்திருக்கும். வேலை குடுத்த வீடு, கடன் சொன்னா குடுக்குற மளிகைக்கடை, புள்ளைய பாத்துக்குற பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாம் அங்கயே நின்னுடுச்சு. அத திரும்ப ஒட்டு போட்டுட்டு இருக்காங்க, அதுக்குத்தான் அந்த மொய்யும் கைமாத்தும். கை வைக்காதீங்க.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. ஒருத்தர் விழுந்தா மத்தவங்க தூக்குவாங்க, எல்லாரும் சேந்து விழுந்தா? 2020 லாக்டவுன்ல வீட்டு வேலை, ஆட்டோ, பெயிண்டிங்னு எல்லார் வருமானமும் ஒரே நாள்ல நின்னுச்சு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பெரும்பாக்கத்துல தண்ணி நின்னப்போ யார் யாருக்கு கைமாத்து குடுக்குறது. அந்த மாதிரி நாளுக்கு மட்டும் வெளிய பணம் வேணும், அதுவும் எஸ்ஐபில இல்ல. உங்க வருமானத்துல இருந்து மாசம் 1,000 போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ்ல போடுங்க, 25,000 சேர்ற வரைக்கும் வேற எதையும் யோசிக்காதீங்க. நாள் பூரா ரோட்டுல வண்டி ஓட்டுறீங்க, பேங்க்ல கேட்டு வருஷம் 20 ரூபா விபத்து இன்சூரன்ஸ இந்த வாரமே எடுத்துடுங்க, விபத்துல உயிர் போனாலோ நிரந்தரமா ஊனமானாலோ 2 லட்சம் வரைக்கும் கவர், ஆஸ்பத்திரி செலவுக்கு இல்ல.

சீட்டுதான் எனக்கு கொஞ்சம் இடிக்குது. நடத்துறவங்க நல்லவங்களாவே இருக்கட்டும், நடுவுல ரெண்டு பேர் எடுத்துட்டு கட்டாம போனா அந்த அக்கா என்ன பண்ணுவாங்க? 1982 சட்டப்படி பதிவு பண்ணின சீட்டுன்னா சீட்டுப் பதிவாளர்கிட்ட போகலாம், இதுக்கு அந்த வழி கிடையாது. கடைசி மாசம் வரைக்கும் காத்திருந்து எடுக்குறவங்கதான் முழுசா மாட்டுவாங்க, அதனால அம்மாவ கடைசி வரைக்கும் காத்திருக்காம நடுவுலயே ஏலத்துல எடுக்கச் சொல்லுங்க, கொஞ்சம் கழிவு போனாலும் பரவால்ல. இது முடிஞ்சதும் அடுத்த சீட்டு 1,000-தோட நிக்கட்டும். அடுத்தவங்க லோனுக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம், கைமாத்துல போனா 500 போகும், ஜாமீன்ல போனா பழக்கமே போயிடும்.

எஸ்ஐபி அப்புறம் 500-ல ஆரம்பிக்கலாம், அவசரமில்ல. ஆமா, அந்த 14,000-ல யார் யாருக்கு எவ்ளோ திருப்பிக் குடுத்தாச்சுன்னு நீங்க எழுதவே இல்லையே? பாக்கி இருந்தா முதல் வேலையா அத குடுத்துடுங்க, போஸ்ட் ஆபீஸ் கூட அடுத்த மாசம் பாத்துக்கலாம்.