முனைவர் பட்டத்துக்கு இன்னும் மதிப்பு உண்டா?

கேள்வி: முதுகலை முடித்துவிட்டுத் தனியார் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். முனைவர் பட்ட ஆய்வில் சேர இடம் கிடைத்துள்ளது. ஆனால், பட்டம் பெற்ற சீனியர்கள் பலர் இன்னும் தற்காலிக ஆசிரியப் பணியிலேயே இருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. பட்டம் பெறுவோர் தொகை பெருகிய அளவுக்கு நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் பெருகவில்லை. அந்தப் பதவி ஒன்றே குறிக்கோள் என்றால், இது நிச்சயமற்ற வழி என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் முனைவர் பட்டம் பேராசிரியர்களை உருவாக்க மட்டுமே பயன்பட்டது என்பது சரியன்று. ஆய்வை அடிப்படையாகக் கொண்ட இந்தப் பட்டம் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வலுப்பெற்று, 1861இல் அமெரிக்காவில் முதன்முதலாக யேல் பல்கலைக்கழகத்தில் வழங்கப்பட்டு, 1917இல் ஆக்ஸ்ஃபோர்டிலும் இடம்பெற்றது. அந்த ஜெர்மனியிலேயே வேதியியலில் முனைவரானவர்கள் பலர் சாயத் தொழிற்சாலைகளின் ஆய்வகங்களுக்குச் சென்றார்கள். விடை தெரியாத கேள்வியைத் தானே வகுத்து, ஆதாரம் திரட்டி, எதிர்வாதத்துக்கு முன் அதை நிலைநிறுத்தக் கற்ற ஒருவர் எங்கும் தேவைப்படுவார்.

மாறியிருப்பது அந்தப் பயிற்சியின் தன்மைதான். ஒரே பெரிய ஆய்வேட்டுக்குப் பதிலாக, ஆய்விதழ்களில் வெளியான கட்டுரைகளைத் தொகுத்து அளிக்கும் முறை பல துறைகளில் ஏற்கப்பட்டுவிட்டது. இதில் எழுத்துப் பயிற்சி முன்னதாகவே கிடைக்கிறது. கட்டுரை எண்ணிக்கைக்காக, எளிதில் முடியும் சிறிய கேள்விகளையே தேடும் பழக்கமும் வந்துவிடுகிறது. இந்த இரண்டாவது விளைவு எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது, ஏனெனில் ஒரு கேள்வியோடு பல மாதங்கள் போராடும் பொறுமையை வேறு எந்தப் படிப்பும் இவ்வளவு ஆழமாகக் கற்றுத் தருவதில்லை.

ஆகவே பட்டத்தின் பெயரைவிட, நீங்கள் சேரவிருக்கும் இடத்தை ஆராயுங்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, ஆய்வு நீண்டால் என்ன ஏற்பாடு என்பதை எழுத்துவடிவில் கேட்டுப் பெறுங்கள். அதைவிட முக்கியமானவர் உங்கள் ஆய்வை வழிநடத்தும் நெறியாளர். அவரிடம் ஆய்வு செய்தவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள், எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இடையில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்பதை, அவர் உடன் இல்லாத வேளையில், இப்போதைய ஆய்வு மாணவர்களிடம் விசாரியுங்கள். அவர்கள் பேசத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் ஒரு விடையாகவே கொள்ளுங்கள்.

விடைகள் நிறைவளித்து, ஆய்வுக் கேள்வியும் உங்களை விடாமல் ஈர்த்தால் சேருங்கள். இல்லையெனில் இப்போது வேலையை விடாதீர்கள். வேறொரு நெறியாளரைத் தேடி அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம்.