ஒன்றரை மடங்கு நாயனம்

அன்புள்ள சார்,

கும்பகோணத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்குப் பழைய புத்தகங்களும் பழைய படங்களும்தான் பிடிக்கும். பொன்னியின் செல்வனைப் பன்னிரண்டு நாளில் முடித்தேன். தூர்தர்ஷனில் வந்த மால்குடி டேஸை யூடியூபில் பார்த்தேன். போன வாரம் தில்லானா மோகனாம்பாள். படம் நீளம் என்பதால் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்தேன். ரொம்பப் பிடித்தது. தோழிகள் என்னைப் 'பாட்டி' என்று கூப்பிடுகிறார்கள். தப்பான காலத்தில் பிறந்துவிட்டேனோ என்று சில நாள் தோன்றுகிறது. அடுத்துப் படிக்கவும் பார்க்கவும் ஒரு பட்டியல் தருவீர்களா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்ததற்கு முந்தின நாள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேளம் வைக்கவில்லை. தாலி கட்டும்போது யாரோ செல்போனிலிருந்து ஸ்பீக்கரில் கெட்டிமேளம் போட்டார்கள். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அந்த நிலையில்தான் 'ஒன்றரை மடங்கு' என்ற உங்கள் வரியைப் படித்தேன்.

தோழிகள் சொல்வதை விடுங்கள். நாலு நாளில் அவர்களே மறந்துவிடுவார்கள். ஆனால் தப்பான காலத்தில் பிறந்துவிட்டேன் என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதீர்கள். கோபம் வருகிறது. நீங்கள் பார்த்த படத்தில் நாட்டியமாடும் மோகனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்ற தாயே அவளைப் பணக்காரர் ஒருவர் கையில் ஒப்படைக்கத் துடிக்கிறாள். நடுவில் நின்று வைத்தி தரகு பேசுகிறான். சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழித்துச் சட்டம் வந்தது 1947-ல். அந்தச் சட்டம் ஒழிக்க நினைத்த வாழ்க்கையிலிருந்து தப்பிக்கத்தான் மோகனா படம் முழுக்கப் போராடுகிறாள். அவள் காலத்தில் உங்களுக்குக் கல்லூரி இரண்டாம் ஆண்டு ஏது? பழைய படத்தை ஆசையாகப் பாருங்கள். அதற்காக அந்தக் காலத்துக்குக் குடிபோக ஆசைப்படாதீர்கள்.

பொன்னியின் செல்வனை ஓட்டமாக முடித்ததற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கல்கி அதை 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வாராவாரம் எழுதினார். அன்றைக்கு வாசித்தவர்கள் மூன்றரை வருஷம் காத்திருந்து வாசித்தார்கள். நீங்கள் பன்னிரண்டு நாளில் வாசித்தீர்கள். இருக்கட்டும். புத்தகத்தில் வேகம் வாசிக்கிறவர் கையில். வந்தியத்தேவனும் குந்தவையும் பேசுகிற இடத்தில் நீங்களாகவே நின்றிருப்பீர்கள், ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்திருப்பீர்கள், வர்ணனை நீளும் இடத்தில் கண்ணை ஓட்டியிருப்பீர்கள். எழுத்தில் அதற்கு இடம் உண்டு.

படத்தில் இல்லை. நாயனக்காரர் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி தலையைத் திருப்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதும் அவர் நடிப்புதான். மோகனாவாக வரும் பத்மினி நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னால் ஒரு கணம் நிற்கிறார். அந்தக் கணத்தை யோசித்து வைத்திருக்கிறார்கள். அதை வெட்டிப்போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அதைவிடவும் எனக்குத் தாங்கவில்லை, நாயனத்தை நினைத்தால். அந்தப் படத்தில் கேட்பது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. அவர்களுடைய மூச்சு அது. ஒரு மூச்சு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தாங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில்தான் ராகம் இருக்கிறது. முன்பெல்லாம் டேப்பை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று ஆகிவிடும். ஏதோ தப்பு நடக்கிறது என்று காது உடனே சொல்லிவிடும். இப்போது செல்போனில் வேகத்தைக் கூட்டினால் சுருதி அப்படியே நிற்கிறது, காலப்பிரமாணம், அதாவது வாசிப்பின் வேகம், மட்டும் போய்விடுகிறது. எந்த மனுஷ மூச்சிலும் வராத ஒரு நாயனத்தைக் கேட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

காலம் கூட்டுவது சங்கீதத்தில் இல்லாததா என்று கேட்பீர்கள். உண்டு. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிப்பார்கள். அங்கே காலம் கூடும்போது தவில்காரர் கையும் நாயனக்காரர் மூச்சும் சேர்ந்து கூடும், அந்த உழைப்பு நம் காதில் விழும். முதல் காலத்தில் நின்று கேட்டவனுக்குத்தான் மூன்றாம் காலத்தில் உடம்பு சிலிர்க்கும்.

படத்தின் தொடக்கமே உங்களுக்கு ஞாபகம் இல்லையா? கோயில் திருவிழாவில் சண்முகசுந்தரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை விடுகிறார்கள். வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறார். இவ்வளவு ரோஷமா என்று அந்த இடத்தில் நினைத்திருப்பீர்கள். அவருக்கு வாணவேடிக்கை செய்ததைத்தான் உங்கள் விரலும் செய்திருக்கிறது.

என் பெரியப்பா தவில் வாசித்தவர். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது பள்ளிக்கூட லீவில் தாளம் போட என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு. ஊர்வலம் தெருமுனையில் நின்றது. நாயனக்காரர் காம்போதி ராகத்தை எடுத்தார். பெட்ரோமாக்ஸ் தூக்கி வந்தவர்கள்கூட விளக்கை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வாட்சை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். "சட்டுப்புட்டுன்னு முடிச்சிட்டு நடையைக் கட்டுங்கய்யா, பந்தி போடணும்." நாயனக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நாயனத்தின் ஊதுகிற நுனியான சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். துண்டால் துடைத்தார். மறுபடி வைத்து ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார். ஊர்வலம் நகர்ந்தது.

கடைசி பஸ்ஸில் திரும்பினோம். நாயனம் உறைக்குள், அவர் மடியில் இருந்தது. எதிரே வந்த லாரி வெளிச்சத்தில்தான் பார்த்தேன். உறைக்கு மேலேயே அவர் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. உதடு மூடியிருந்தது. விட்ட இடத்திலிருந்து காம்போதியை எடுத்துவிட்டார். பெரியப்பா அதைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராகத்தை மட்டும் விரிக்கிற ஆலாபனைக்குத் தாளக்கட்டு கிடையாது. எங்கள் ஊருக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் பெரியப்பாவின் வலது கை தொடையில் விழுந்தது. கீர்த்தனைக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. கண்டக்டர் விசில் ஊதினார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. இறங்குறீங்களா இல்லையா என்று அவர் கத்திய பிறகும், தாளத்தின் அந்த ஆவர்த்தனம், அந்த ஒரு சுற்று, முடிந்துதான் இறங்கினோம்.

வாட்சைத் தட்டிய அந்த விரலை நாற்பது வருஷமாக நான் மறக்கவில்லை. நீங்கள் அந்தப் பெரியவர் இல்லை, எனக்குத் தெரியும். அவருக்கு நாயனம் வேண்டியிருக்கவில்லை. உங்களுக்குப் பிடித்திருக்கிறது. பிடித்ததை எதற்காக அம்மா சீக்கிரம் முடிக்க வேண்டும்? மிச்சமான அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நலந்தானா பாட்டு வரும்போது செல்போனைக் கையில் எடுக்காதீர்கள். சபை நடுவில் மோகனாவால் சண்முகசுந்தரத்திடம் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆட்டத்தில் கேட்கிறாள், அவர் நாயனத்தில் பதில் சொல்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. தவிலோடு உட்கார்ந்திருக்கும் பாலையாவின் முகத்தை அந்த இடைவெளியில் பாருங்கள்.

மால்குடி டேஸையும் அப்படித்தான் பார்த்தீர்களா? நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்காமல் விடுகிறேன். சங்கர் நாக் கர்நாடகத்து ஆகும்பேக்குப் போய் எடுத்த தொடர் அது. ஒரு பகுதி அரை மணி நேரம்கூட வராது.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். பட்டியல் வேண்டாம், ஒரே ஒரு புத்தகம் சொல்கிறேன். 1968-ல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுப்பதற்கு முன்னால் இந்தக் கதை ஆனந்த விகடனில் கோபுலுவின் ஓவியங்களோடு தொடராக வந்தது. கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் எழுதினார். அதைத் தேடிப் படியுங்கள். எத்தனை நாளில் வேண்டுமானாலும் முடியுங்கள்.

அப்புறம், கும்பகோணத்தில் இருந்துகொண்டு நரசிங்கம்பேட்டைக்குப் போகாமல் இருக்கக் கூடாது. ஆடுதுறை பக்கம்தான். தலைமுறை தலைமுறையாக நாயனம் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். புதிதாக வெட்டிய மரம் ஆகாது என்று, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவார்கள். பட்டறையில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். துளை போட்ட நாயனத்தை ஒருவர் ஊதிப் பார்ப்பார், கொஞ்சம் செதுக்குவார், மறுபடி ஊதிப் பார்ப்பார். சுருதி சேரும் வரைக்கும் எழுந்திருக்காமல் இருந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.