எல்லாரும் விலைபோனவர்கள்தானா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கு வேலை. பெயர் வேண்டாம். 2017-ல் அக்கம்பக்கத்து நாடுகள் கத்தாரை முற்றுகையிட்டபோது இங்கே கத்தாரின் அல் ஜசீரா சேனல் ஒன்று சொல்லும், துபாயில் இருக்கும் என் தம்பி சவூதிக்காரர்களின் அல் அரபியா சேனல் சொன்னதாக நேர்மாறாக ஒன்று சொல்வான். கூட வேலை செய்யும் எகிப்துக்காரரைக் கேட்டால், “சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று பார், அவ்வளவுதான்” என்று சிரிக்கிறார். நீங்கள் மதா மஸ்ர் என்ற எகிப்தியச் செய்தித்தளத்தைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அவர்களும் வெளிநாட்டு நிதி வாங்குகிறவர்கள்தானே, என்ன பெரிய வித்தியாசம்?

தோஹாவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எகிப்திய நண்பர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. மீதியைத்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

முற்றுகைக்கு முன்னால் நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 2017 மே 24, நள்ளிரவு தாண்டிய நேரம். கத்தார் அரசு செய்தி நிறுவனத்தின் தளத்தில் கத்தார் மன்னர் அமீர் தமீம், அக்கம்பக்கத்து மன்னர்களுக்கு ஆகாத இரானை மெச்சிப் பேசியதாக ஒரு உரை வருகிறது, கத்தார் தொலைக்காட்சியில் திரைக்குக் கீழே ஓடும் வரிகளிலும் அதே வாசகங்கள். தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், அமீர் அப்படிப் பேசவே இல்லை என்று கத்தார் மறுத்தது. அல் அரபியாவும் அபுதாபியிலிருந்து வரும் ஸ்கை நியூஸ் அரேபியாவும் மறுப்பைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அந்த உரையைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஆள்வைத்து அலசிக்கொண்டிருந்தன. அடுத்த இரண்டு வாரத்துக்குள் அக்கம்பக்கத்து நாடுகள் எல்லையை மூடிவிட்டன. கத்தாருக்கு அனுதாபம் காட்டினால் 15 வருடம் வரை உள்ளே என்று அமீரகம் அறிவித்தது. உங்கள் தம்பி போனில் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

இதே மே 24-ல் எகிப்து 21 இணையதளங்களை முடக்கியது. அல் ஜசீரா அந்தப் பட்டியலில் இருந்தது, சரி, எதிரி நாட்டுச் சேனல். ஆனால் கத்தார் பணத்துக்குச் சம்பந்தமே இல்லாத மதா மஸ்ரும் அதில் இருந்தது. கெய்ரோவில் ‘எகிப்து இண்டிபெண்டன்ட்’ மூடப்பட்டபோது வேலையிழந்தவர்கள் 2013-ல் சேர்ந்து தொடங்கிய சின்னத் தளம் அது. எகிப்துக்குள் இன்னும் அதை நேரடியாகத் திறக்க முடியாது.

செய்திகள்மேல் சந்தேகம் அரபு மக்களுக்கு நேற்று வந்ததில்லை. 1967 ஜூன் 5 காலையில், இஸ்ரேலோடு போர் தொடங்கிய அன்று, எகிப்தின் விமானப்படை தரையிலேயே எரிந்துகொண்டிருக்க, கெய்ரோவின் ‘அரபுகளின் குரல்’ வானொலியில் அஹ்மத் சயீத் இஸ்ரேலிய விமானங்கள் டஜன் கணக்கில் வீழ்த்தப்பட்டதாக முழங்கிக்கொண்டிருந்தார். மொராக்கோ முதல் ஈராக் வரை அந்தக் குரலை நம்பிய ஒரு தலைமுறை, நான்கு நாள் கழித்து எகிப்து அதிபர் நாசர் பதவி விலகுவதாகச் சொன்னபோதுதான் போரில் தோற்றுவிட்டதை முழுதாக உணர்ந்தது. சொந்த ஊர்ச் செய்தியைத் தெரிந்துகொள்ள பிபிசி அரபி வானொலியைத் திருகுவது அப்புறம் பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த வானொலியையும் 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள், செலவு மிச்சமாம்.

2010 செப்டம்பரில் எகிப்தின் அல் அஹ்ராம் நாளிதழ் செய்த கூத்து தெரியுமா? வெள்ளை மாளிகையின் கம்பளத்தில் ஒபாமா முன்னே நடக்க, இஸ்ரேலின் நெதன்யாகு, பாலஸ்தீனத்தின் அப்பாஸ், ஜோர்டான் மன்னர், அன்றைய எகிப்து அதிபர் முபாரக் எல்லாரும் பின்னால் வரும் படம். முபாரக் ஒரு ஓரத்தில் கடைசியில் வருகிறார். எகிப்தின் மிகப் பழைய நாளிதழ்களில் ஒன்று, 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, அவரை வெட்டி எடுத்து எல்லாருக்கும் முன்னால் நடுவில் ஒட்டிப் போட்டது. ஒரு வலைப்பதிவர் கண்டுபிடித்தார். ஆசிரியர் மன்னிப்புக் கேட்கவில்லை. அது ‘உணர்வை வெளிப்படுத்தும்’ படம், பேச்சுவார்த்தையில் எகிப்தின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது என்று விளக்கம் கொடுத்தார்! ஐந்தாவது மாதத்தில் முபாரக் பதவியிலேயே இல்லை.

அல் ஜசீராவுக்கு வருவோம். 1996-ல் அது தொடங்கியபோது அரபு வீடுகளில் அப்படியொரு சேனலைப் பார்த்ததே கிடையாது. மந்திரியும் எதிர்க்கட்சிக்காரரும் நேரலையில் சண்டை போட்டார்கள். 2011-ல் முபாரக்குக்கு எதிராகக் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் கூட்டம் திரண்டபோது இரவு பகலாக நின்ற அந்த கேமரா, பஹ்ரைனின் முத்துச் சதுக்கத்தில் கூட்டம் கூடியபோது சோம்பல் முறித்தது. அங்கே ஆடியது வளைகுடா மன்னர் ஒருவரின் நாற்காலி. அவர்களுடைய ஆங்கிலச் சேனல் பஹ்ரைன் பற்றி நல்ல ஆவணப்படம் ஒன்றை எடுத்தது. அரபிச் சேனல் அதைக் காட்டவே இல்லை. உங்கள் ஊரிலேயே ‘தோஹா நியூஸ்’ என்ற தனியார் தளத்தை 2016 கடைசியில் உரிமம் இல்லை என்று சொல்லி முடக்கியதும் அல் ஜசீராவுக்குப் படியளக்கும் அதே அரசுதான்.

ஆனால் கத்தாரைக் கரித்துக்கொட்டும் ஆட்கள்கூட காஸா என்றால் அல் ஜசீராவைத்தான் போட்டார்கள். 2023 அக்டோபரில் மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் பேரக்குழந்தையையும் குண்டுவீச்சில் பறிகொடுத்துவிட்டு மறுபடி கேமரா முன் வந்து நின்றாரே அதன் காஸா செய்தியாளர் வாஇல் தஹ்தூஹ், அவர் சொல்வதை முதலாளி யார் என்று பார்த்து யாரும் எடைபோடவில்லை. ஆகவே “யார் சம்பளம்” என்ற கேள்வி எல்லா இடத்திலும் போதாது.

இப்போது உங்கள் கேள்வி. ஆமாம், மதா மஸ்ர் வெளிநாட்டு மானியம் வாங்கியிருக்கிறது, வாசகர் சந்தாவும் உண்டு. வேறு வழி என்ன இருக்கிறது சொல்லுங்கள். எகிப்தில் உளவுத்துறையோடு தொடர்புள்ள நிறுவனமே சேனல்களையும் பத்திரிகைகளையும் வரிசையாக வாங்கிப்போட்டிருக்கிறது. அரசைப் பகைத்துக்கொள்ளும் இடத்தில் விளம்பரம் கொடுக்க எந்தக் கம்பெனி துணியும்? மானியத்துக்கும் விலை உண்டு: கொடுப்பவர் விரும்பும் தலைப்புகள் பெருகும், “அந்நியக் கைக்கூலி” என்ற பட்டம் தயாராக இருக்கும், 2025-ல் அமெரிக்கா செய்ததுபோல ஒரு நாள் நிதிக் குழாயை மூடினால் பல சின்னத் தளங்கள் தத்தளிக்கும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

நான் பார்ப்பது வேறு: யாரைக் கோபப்படுத்தத் துணிகிறார்கள், அதற்கு என்ன ஆதாரம் வைக்கிறார்கள். 2019 நவம்பரில் மதா மஸ்ர் ஒரு செய்தி போட்டது. அதிபர் சிசியின் மகன் மஹ்மூத்தை உளவுத்துறைப் பொறுப்பிலிருந்து விலக்கி மாஸ்கோவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று. சில நாளில் ஷாதி ஸலாத் என்ற ஆசிரியரை வீட்டிலிருந்து தூக்கினார்கள். மறுநாள் சாதாரண உடையில் வந்தவர்கள் அலுவலகத்துக்குள் புகுந்து போன், லேப்டாப் எல்லாவற்றையும் பிடுங்கி, தலைமை ஆசிரியர் லினா அத்தல்லாவையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிப்போனார்கள். அன்றைக்கே எல்லாரையும் விட்டுவிட்டார்கள், ஷாதியை மட்டும் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு நீயே வீட்டுக்குப் போய்க்கொள் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மே மாதம் கெய்ரோவின் தோரா சிறைவாசலில் ஒரு கைதியின் தாயைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்த லினாவை மறுபடி பிடித்தார்கள், 2000 எகிப்திய பவுண்டு ஜாமீன். லினா திரும்ப வேலைக்குப் போய்விட்டார்.

“எல்லாரும் விலைபோனவர்கள்தான்” என்று நாம் அலுத்துக்கொள்வதில் அந்த அரசுகளுக்கு எவ்வளவு சௌகரியம் என்று யோசியுங்கள். 1967-ல் மக்களை நம்பவைக்க மெனக்கெட வேண்டியிருந்தது. இன்று யாரையும் நம்பாமல் இருந்தாலே போதும் அவர்களுக்கு.

மதா மஸ்ருக்கு ஆங்கிலப் பதிப்பும் உண்டு, படித்துப் பாருங்கள். உங்கள் எகிப்திய நண்பரையும் படிக்கச் சொல்லுங்கள், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மட்டும் முடக்கிய தளத்தைத் திறக்க அவருக்கு வி.பி.என். வேண்டியிருக்கும்.