செப்புத்தகட்டில் ஒரு கச்சேரி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இசையமைப்பாளர் ஹேண்டல் பற்றிய உங்கள் கட்டுரையில், 1784ஆம் ஆண்டு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் நடந்த நினைவுக் கச்சேரியின் செப்புத்தகட்டு அச்சுப்படத்தைக் கண்டேன். இத்தனை நூறு பேர் வாசிக்கும் இடத்தில் நடத்துநர் எங்கே நிற்கிறார் என்று பெரிதாக்கிப் பார்த்தும் புலப்படவில்லை. ஓவியர் விட்டுவிட்டாரா? வழிபாட்டுக்குரிய இடத்தில் கட்டணம் வாங்கிக் கச்சேரி நடத்தியதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

ஓவியர் எவரையும் விட்டுவிடவில்லை. கையை வீசித் தாளம் காட்டும் நடத்துநர் அந்தக் கச்சேரியில் இல்லவே இல்லை. ஜோவா பேட்ஸ் என்பவர் விசைப்பலகையின் முன் அமர்ந்து, தாமும் வாசித்தபடியே அத்தனை பேரையும் நடத்தினார். சாமுவேல் கிரீன் கேன்டர்பரி பேராலயத்துக்காகச் செய்திருந்த ஆர்கன் என்னும் பெரிய குழாய் இசைக்கருவி மேலே உயரத்தில் நிற்க, அதிலிருந்து 19 அடி முன்னால் தள்ளியிருந்த பேட்ஸின் கட்டைகள் நீண்ட இணைப்புகளால் அதனோடு பிணைக்கப்பட்டிருந்தன. ஆகவே நிற்பவரைத் தேடாமல், உட்கார்ந்திருப்பவரைத் தேடுங்கள்.

கச்சேரியில் பங்கேற்றோர் 525 பேர் என்று கணக்கெழுதிய இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி, தாளம் காட்ட ஆளின்றியே இவ்வளவு பெரிய கூட்டம் ஒன்றாக இசைத்ததை ஒரு பெருமையாகவே குறிப்பிடுகிறார். அவர் 1785இல் வெளியிட்ட நூலுக்காக இப்படத்தை வரைந்தவர் அவருடைய அண்ணன் அல்லது தம்பியின் மகனான எட்வர்ட் பிரான்சிஸ் பர்னி. நூல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்பதால், படத்தில் ஒரு விழாக்கோலம் தூக்கலாக இருப்பதில் வியப்பில்லை. அதை நடுநிலைச் சாட்சியாக நான் கொள்வதில்லை. ஆனால் செதுக்கியவரின் பொறுமையை வியக்காமல் இருக்க முடியாது. செப்பில் உளி கீறிய கோடு மட்டுமே மையை ஏந்தும். நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கியே காட்ட வேண்டும், அதுவும் இடவலம் மாறிய படத்தில்.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். ஹேண்டல் 1759இல் அடக்கம் செய்யப்பட்ட இடமே அபே. அங்குள்ள நினைவுச்சின்னம் அவர் பிறந்த ஆண்டை 1684 என்று சொல்வதால் பிறந்த நூற்றாண்டும் 1784இல் வந்தது. உண்மையில் அவர் பிறந்தது 1685. நுழைவுச்சீட்டு ஒரு கினி, அதாவது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். செலவு போக மிஞ்சிய தொகையில் 6,000 பவுண்டு நலிந்த இசைக்கலைஞர்களுக்கான நிதிக்கும், 1,000 பவுண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனைக்கும் போயின. தேவாலயக் கச்சேரியை அறச்செயலாகக் காட்டுவது அன்றைய இங்கிலாந்துக்குப் பழகிய வழிதான். ஆயினும் கவிஞர் வில்லியம் கூப்பர் அதை ஏற்கவில்லை. ஹேண்டலின் பொருட்டு மெசியாவாகிய கிறிஸ்துவின் புகழைக் கேட்டுக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று அடுத்த ஆண்டு வெளிவந்த தம் கவிதையில் குத்திக்காட்டினார். உங்கள் கட்சிக்கு ஆள் உண்டு. எனினும் மே 26, 27, 29 என்று மூன்று நாளாகத் திட்டமிட்ட கச்சேரிகள், கூட்டம் தாங்காமல் ஜூன் 3, 5 என்று மேலும் இரண்டு நாள் நீண்டன.

அன்புடன்,
ஆசிரியர்